மோர் கேட்ட மகாராஜா

முன்னொரு காலத்தில் வெண்கடம்பூர்ச் சீமையை இளங்கேசரி என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நினைத்தவுடனே நடந்தாக வேண்டும். அவன் மகனுக்குத் தெலுங்கு தேசத்தில் பெண் நிச்சயமானது. வரப்போகும் மருமகளிடம் அவள் பாஷையிலேயே நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. சிகாமணிப் பண்டிதர் வாத்தியாராக வந்தார். தினமும் இலக்கணம், தினமும் செய்யுள். ராஜா எதைச் சொன்னாலும் பிரமாதம் என்பார்.

ஒருநாள் பெண்வீட்டுத் தூதன் வந்து தெலுங்கில் சௌக்கியம் விசாரித்தான். ராஜாவுக்கு வியர்த்து ஊற்றியதே தவிர, வாயில் ஒரு சொல் வரவில்லை.

பண்டிதர் முந்திக்கொண்டார். "மந்திரியார் ராஜ்ய வேலையைத் தலையில் ஏற்றினால் பாடம் எங்கே நிற்கும், பிரபு?" மந்திரி உலகமுத்துவின் மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை.

ராஜா திரும்பினான். "கல்யாணத்துக்குள் என்னைப் பேச வைக்கிறீர், மந்திரி. இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் போய்ச் சேரும்."

உலகமுத்து ஒரு யோசனை செய்தார். கல்யாணம்வரை ராஜா ஆற்றங்கரை மாளிகையில், தான் அமர்த்தும் ஆட்களோடு மட்டும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அங்கே இருந்தது சுப்பம்மா என்ற தெலுங்குச் சமையல்காரியின் குடும்பம். தமிழ் மருந்துக்கும் தெரியாது. வந்திருப்பது ராஜா என்றும் தெரியாது.

அரண்மனையில் கை தட்டினால் எல்லாம் வரும். இங்கே காரம் தாங்காமல் ராஜா தட்டினான். ஏதோ விளையாட்டு என்று சுப்பம்மாவின் பிள்ளைகளும் கூடவே தட்டின. வாய் திறந்தால் செய்யுள்தான் வந்தது. சுப்பம்மா விழித்தாள். கடைசியில் "மஜ்ஜிக" என்று திக்கித் திணறி மோர் கேட்டான். அவன் உச்சரித்த அழகில் வீடே சிரித்தது. பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை; முகம் சிவந்துபோயிற்று. ஆனால் மோர் வந்துவிட்டதே! மறுநாள் ரசமும் கேட்டான்.

வேலியோரம் ஒட்டுக் கேட்ட பண்டிதர் சபைக்கு வந்து கைகொட்டினார். ராஜா ஊறுகாய்க்காகச் சமையல்காரியோடு சண்டை போடுகிறாராம், வாய் திறந்தால் தப்பாம், மந்திரியார் மூட்டை கட்டலாமாம்.

"சண்டையே போடுகிறாரா?" என்று மட்டும் கேட்டார் உலகமுத்து. அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

மருமகள் வந்தாள். பண்டிதர் நீட்டி முழக்கி ஒரு தெலுங்குச் செய்யுள் படித்தார். பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தான். சாப்பிட்டாயா அம்மா, வண்டி ரொம்பக் குலுக்கிற்றா, இங்கே சமையலில் காரம் போதாது, நான் சண்டை போட்டு வாங்கித் தருகிறேன் என்றான், எல்லாம் தெலுங்கில். பாதிக்குப் பாதி தப்பு. பெண் களுக்கென்று சிரித்து, ஒரு சொல்லைத் திருத்தினாள்.

ராஜாவைத் திருத்த அதுவரை யாரும் துணிந்ததில்லை. ராஜா அவள் திருத்தியபடியே திரும்பச் சொன்னான். அவ்வளவுதான், அந்தப் பெண் வழியில் பட்ட பாட்டையெல்லாம் மளமளவென்று கொட்டித் தீர்த்தாள். ராஜாவும் விடாமல் பதில் சொன்னான்.

"பேச்சில் பிழை மலிந்திருக்கிறது, பிரபு" என்று முனகினார் பண்டிதர்.

"உம்முடைய தெலுங்கில் பிழையே இல்லை, பண்டிதரே. ஆனால் அதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதும் இல்லை" என்றான் ராஜா.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி உலகமுத்துவின் கழுத்தில் போட்டான்.

மருமகளுக்குத் தமிழ் சொல்லித்தர வாத்தியார் வேண்டுமே என்று பண்டிதர் மெல்ல இழுத்தார்.

"மகாராணியிடம் விட்டாயிற்று" என்றான் ராஜா. "மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ள வாத்தியார் எதற்கு?"