நிம்மதியைத் தாரை வார்க்கச் சொன்ன ராஜா

மருதியின் பரிசலை அரண்மனைக்காரர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். பரிசல் இல்லாததால், அக்கரையில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்காக மருந்து மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்திப்போன அவள் புருஷன் காத்தவன் ஆற்றோடு போனான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. இவ்வளவும் எதற்கு? ஒரு ராஜாவுக்கு நிம்மதி வேண்டுமாம்!

வெகு காலத்துக்கு முன்னால் குவளை நாட்டை ஆண்ட பரிதிமாறன்தான் அந்த ராஜா. எது கிடைத்தாலும் அடுத்தது வேண்டும் என்கிற ஆள். ஒருநாள் வேட்டை முடிந்து மருதியின் பரிசலில் ஏறினான். நடு ஆற்றில் வெள்ளம் பரிசலைச் சுழற்றியது. ராஜா அலறினான். பிரதானி கங்காதரன் ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டு அதைவிடப் பெரிதாக அலறினான். மருதி மட்டும் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கரையேறியதும் ராஜா கேட்டான்: "உனக்குப் பயமே கிடையாதா?"

"என்னை நினைச்சா பயம்தான் சாமி. அதனால ஏறினவங்களை நினைச்சுக்குவேன். அப்போ ‘நான்’கிறது எங்கேயோ போயிடும். மனசு ஆடாது."

ஆடாத மனசு! ராஜாவுக்கு உடனே அது வேண்டும். ஒரு பரிசல்காரியை ராஜா வியந்து பார்த்தது பிரதானிக்குப் பொறுக்கவில்லை. "அவளிடம் என்ன இருக்கிறது பிரபு? எல்லாம் பரிசலில் இருக்கிறது" என்றான். ஊரிலிருந்த பரிசல் அத்தனையும் அரண்மனைக் குளத்துக்கு வந்தன. ராஜா ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்தான். இடுப்புவலிதான் வந்தது.

காத்தவன் போனபின் மருதி மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள், இன்னொருவர் சாகக்கூடாதென்று கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பிடித்துக்கொண்டு கடக்க ஆற்றின் குறுக்கே கயிறு கட்டினாள். அதைக் கேட்ட ராஜா, "இவ்வளவுக்குப் பிறகும் அந்த நிம்மதி அவளிடமே இருக்கிறதா!" என்று சபைக்கு இழுத்துவரச் செய்தான்.

"உன் நிம்மதியை எனக்குத் தாரை வார்த்துக் கொடு. இல்லாவிட்டால் யானைக்காலில் உன் தலை."

மூக்கு வைத்த கெண்டியில் தண்ணீர் வந்தது. ராஜா உள்ளங்கையை நீட்டினான். மருதி கெண்டியை வாங்கிக்கொண்டாள். தன் தலை போனால் பரிசல்களைத் திருப்பிக் கேட்க ஆளில்லை. அக்கரையில் இன்னும் முப்பது வீடு காய்ச்சலில் கிடக்கிறது.

அவள் சபைப் பண்டிதரைப் பார்த்தாள். "தாரை வார்க்கிறவங்க என்ன சொல்லணும் சாமி?"

"‘இனி இது எனதன்று’ என்று சொல்லித் தண்ணீர் விட வேண்டும்."

"வாங்குறவங்க?"

"அவர்களுக்கென்ன, ‘என்னுடையது’ என்று எடுத்துக்கொண்டு போவார்கள்."

மருதி கெண்டியைக் கொண்டுபோய் ராஜாவின் கையில் வைத்தாள். "அப்படின்னா ஆளை மாத்தி நிக்கிறோம் மகாராஜா. நிம்மதி வாங்குற கைக்கு வராது, ஊத்துற கைக்குத்தான் வரும். முதல்ல பரிசல்களை ஊத்துங்க."

"சூழ்ச்சி பிரபு, சூழ்ச்சி!" என்று பிரதானி குதித்தான்.

"சந்தேகமா இருந்தா நீங்களே ஊத்திப் பாருங்க ஐயா. உங்க மாளிகையைச் சொல்லி ஊத்துங்க. நிம்மதி வரலைன்னா என் தலையை எடுத்துக்குங்க."

ராஜா கெண்டியைப் பிரதானி பக்கம் நீட்டினான். பிரதானி இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்துக்கொண்டான். சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. ஒளிந்த அந்தக் கைகளில் தன் கைகளையே கண்டவன்போல் கெண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு, ஊருக்காக மருதி ஏந்திய கையில் தண்ணீரை விட்டான். "இனி இது எனதன்று." பிரதானியின் மாளிகையையும் அன்றே காய்ச்சல்காரர்களுக்கு ஒழித்துக் கொடுக்க உத்தரவிட்டான்.

"தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருக்கிறது மருதி" என்றான். "காத்தவன் சாவையும் இப்படியே ஊற்றிவிடுகிறேன். முழு நிம்மதி வந்துவிடும், இல்லையா?"

மருதி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அது ஆகாது மகாராஜா. பரிசல் உங்களது இல்லை, ஆறு உங்களது இல்லை, இந்த நாடும் உங்களது இல்லை. உங்களதுன்னு இருக்கிறது என் வீட்டுக்காரரோட சாவு ஒண்ணுதான். அதை மட்டும் ‘எனது’ன்னு சொல்லித் தினமும் சுமங்க. நிம்மதியைப் பத்தி அதுக்கப்புறம் கேளுங்க."