ஓடம் கிளம்பும் வரை

சேனைத் தலைவனாக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்கு வந்த விடங்கனுக்குக் கொடுத்த வேலை விறகு பிளப்பது. கோடரி வீச்சில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் வெட்டலாம் என்று நிற்பதில்தான் பாதிப் பொழுது போய்விடும்.

ஆளை அப்படி ஆக்கியது ஆனைமடுக் கோட்டை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தம்பி நக்கன் அடிபட்ட வீரர்களோடு ஓடிவந்து கோட்டைக் கதவைத் தட்டினான். பின்னாலேயே பகைவர். திறந்தால் அவர்களும் நுழைவார்கள். திறக்காவிட்டால் தம்பி சாவான். விடங்கன் யோசித்தான். யோசித்து நின்ற நேரத்தில் பகைவர் மேற்கு மதிலில் ஏணி வைத்து ஏறிவிட்டார்கள். தம்பியும் போனான், கோட்டையும் போனது.

"அம்மா, அன்று திறந்திருக்க வேண்டுமா, கூடாதா?"

மடத்துத் தலைவி காரியம்மையிடம் தினமும் கேட்பான். அவனைவிடப் பத்து வயது இளையவள் அவள்.

"கஞ்சி ஆறுகிறது, குடி" என்பாள்.

ஒரு நாள் காலை ஓடத்தில் நக்கனின் மனைவி சாத்தி வந்து இறங்கினாள். மடத்துக்கு எதிரே மருத மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். விடங்கனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் இத்தனை வருஷம் உயிரைப் பிடித்துவைத்திருந்தான்.

"போகட்டுமா அம்மா?"

"போயேன்."

"எடுத்த எடுப்பில் காலில் விழுந்தால் நடிப்பு என்று நினைப்பாளோ?"

"விழாதே."

"விழாமல் நின்றால் திமிர் என்று தோன்றாதா?"

"தோன்றலாம்."

காரியம்மை ஒரு செம்பு மோர் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். சற்று நேரம் பேசிவிட்டு வந்தாள்.

"உள்ளே கூப்பிட்டேன். 'அவரே வரட்டும், இருக்கிறேன்' என்கிறாள்."

"அவரே வரட்டும் என்றால்... கோபமாகச் சொன்னாளா?"

காரியம்மை கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் ஏறியது. விடங்கன் வாசல்வரை போனான், திரும்பினான். வேட்டியை மாற்றினான். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். முதல் வார்த்தையே சரிப்படவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

உச்சிப் பொழுது சாய்ந்ததும் ஓடக்காரன் குரல் கொடுத்தான். நாளுக்கு ஒரே ஓடம். முதல் வார்த்தையை இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, விடங்கன் பதறிப் படியிறங்கினான். மரத்தடியில் ஆள் இல்லை. துறைக்கு ஓடினான். ஓடம் நடு ஆற்றைத் தாண்டியிருந்தது.

திரும்பி வந்து காரியம்மை முன்னால் நின்றான்.

"எதற்கு வந்தாளாம்?"

"மகளுக்குக் கல்யாணம். தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பா வருவாரா என்று கேட்க வந்தாள்."



"முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா."

"உன்னிடம் சொல்ல வந்தவள் அவள்."

"இனி?"

"தன் அண்ணனையே கேட்டுக்கொள்கிறாளாம். ஓடம் ஏறப் போகும்போது சொன்னாள்."



"என்னைப் பற்றி வேறு ஏதாவது கேட்டாளா?"

"'இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாரா' என்று கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"நான் சொல்ல என்ன இருக்கிறது விடங்கா? காலையிலிருந்து எதிரில்தானே உட்கார்ந்திருந்தாள்."