தாளிப்புக்குத் தடை

முன்னொரு காலத்தில் வேங்கூர் நாட்டைக் கொற்றவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் வரும் கோபத்தை மாலைக்குள் சட்டமாக்கிவிடுவான்.

ஒருநாள் சபை கூடியிருந்தபோது அரண்மனை மடைப்பள்ளியில் மிளகாய் தாளித்தார்கள். நெடி ஏறி அரசன் போட்ட தும்மலில் கிரீடம் கழன்று, அண்டை நாட்டுத் தூதுவரின் காலடியில் போய் நின்றது.

“இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்!” என்று கத்தினான் அரசன்.

அமைச்சர் பெருஞ்சாத்தனார், “மடைப்பள்ளிச் சன்னலை மறுபக்கம் வைத்தால் போதும், அரசே” என்றார்.

அவர் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் அம்பலக்கூத்தர் என்ற சபை உறுப்பினர். அவர் துள்ளி எழுந்தார். “சிங்கம் தும்மியதற்குச் சன்னலா மருந்து? தலைநகரில் எந்த அடுப்பிலும் தாளிக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள், மன்னா!”

அரசனுக்குப் பிடித்துவிட்டது.

“வேண்டாம், அரசே” என்றார் அமைச்சர். “ஜனங்கள் வரியைக்கூடப் பொறுப்பார்கள். நாக்கில் கை வைத்தால் பொறுக்க மாட்டார்கள்.”

“உம் கருத்தைச் சொல்லியாயிற்றல்லவா? இனி ஆணையை நடத்தும். எந்த வீட்டிலாவது தாளித்த வாசனை வந்தால் உம் பதவியும் முத்திரை மோதிரமும் கூத்தருக்கு.”

அன்று மாலையே முரசு அறைந்தாயிற்று. அமைச்சர் தம் வீட்டிலிருந்து தொடங்கினார்.

“உங்களுக்கே பிடிக்காத ஆணைதானே?” என்றாள் மனைவி நாச்சியார். “நாலு கடுகு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?”

“எனக்குத் தெரியுமே.”

“அப்படியானால் இந்த ரசத்தை நீங்களே குடியுங்கள்.”

குடித்தார். வெந்நீருக்குப் புளியைக் காட்டியது போலிருந்தது. தெருவில் வழிமறித்தவர்களிடமும், “ஆணை ஆணைதான். நானும் அதே ரசம்தான் குடிக்கிறேன்” என்றாரே தவிர, தாம் எதிர்த்துப் பேசியதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அரண்மனையிலும் அதே கதி. அரசனுக்கு நாக்குச் செத்துப்போயிற்று. ஆனால் போட்ட ஆணையைத் திரும்பப் பெற மீசை இடம் கொடுக்கவில்லை. சபையில் எல்லார் முகமும் வாடிக் கிடக்க, கூத்தர் மட்டும் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, “தாளிக்காத சோறு அமிர்தம், மன்னா!” என்றார்.

அந்த ஏப்பம் அமைச்சரின் காதில் விழுந்தது. ஊரே திட்டும் சோற்றை ஒருவர் மட்டும் புகழ்கிறார் என்றால் அவர் தின்பது வேறு சோறு.

“அரசே, ஆணை நடக்கும் அழகை நீங்களே பார்க்க வேண்டும்” என்று உச்சிவேளையில் அரசனை மாறுவேடத்தில் அழைத்துப் போனார். தெருத்தெருவாக நடந்தார்கள். கூத்தர் வீட்டருகே அரசன் சட்டென்று நின்றான். கண்கள் சொக்கின.

“கடுகு... பெருங்காயம்...” என்றவன், அடுத்த நொடி தெரு அதிரத் தும்மினான்.

கதவைத் தள்ளினால், கூத்தர் இலைமுன் உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். தும்மலிலேயே ஆளை அடையாளம் கண்டுகொண்டார். ஆனாலும் மனிதர் அசரவில்லை. “வாசனை வந்துவிட்டதே, மன்னா! அமைச்சர் தோற்றார்!”

அமைச்சர் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். “உண்மைதான். ஊரெல்லாம் காவல் போட்டேன். ஆணையைப் பெற்றெடுத்த வீட்டுக்குக் காவல் எதற்கு என்று விட்டுவிட்டேன்.”

அரசன் மோதிரத்தைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

“அது உம் விரலிலேயே இருக்கட்டும்” என்று அமைச்சரிடம் சொல்லிவிட்டு, கூத்தரின் மனைவியைப் பார்த்து, “அம்மா, எனக்கும் ஓர் இலை போடுங்கள்” என்று பலகையில் உட்கார்ந்தான்.

வயிறு நிறைந்ததும் கேட்டான்: “பிடிக்காத ஆணையை ஏனய்யா இவ்வளவு கறாராக நடத்தினீர்? கொஞ்சம் கண்டும் காணாமல் இருந்திருக்கலாமே?”

“அரைகுறையாகச் செய்திருந்தால், ஆணை நல்லது, அமைச்சன்தான் கெட்டவன் என்றிருப்பீர்கள். முழுதாகச் செய்ததால்தான் ஆணையின் ருசி உங்களுக்குத் தெரிந்தது.”

அரசன் அமைச்சரைத் தழுவிக்கொண்டான். தடை நீங்கிய சேதியைக் கூத்தரே முரசைச் சுமந்து தெருத்தெருவாக அறிவிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மூன்றாம் தெருவைத் தாண்டுமுன் ஊரெல்லாம் கடுகு வெடிக்கத் தொடங்கிவிட்டது. அதற்குமேல் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.