உள்ளங்கைத் தண்ணீர்

"லெப்பை, நான் உங்க கூட வரல. குதிரையோட போறேன்."

என்றான் மக்துமு.

லெப்பையிடம் குர்ஆன் ஓத வந்த பிள்ளை அவன். அவருக்குப் பணிவிடை செய்யவென்று ஹஜ்ஜுக்குக் கூடப் போனவன்.

திரும்பும் வழியில் ஏடன் துறைமுகத்தில் கப்பலில் குதிரைகளை ஏற்றினார்கள். அவற்றில் ஒன்று பாலைவனத்தில் பிடிபட்டது. கயிறு என்றால் என்னவென்றே அறியாதது. ஏறிய அன்றே குதிரைக்காரர் மம்மாலியின் தோளைக் கடித்துவிட்டது.

மூன்று நாள் அது சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மக்துமுதான் தன் பங்குத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் நின்றான். நான்காம் நாள் குடித்தது. அதற்குப் பிறகு அவன் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டுதான் கண்ணயரும்.

நாளை கப்பல் காயல் கரையைத் தொடும். குதிரை மதுரை லாயத்துக்குப் போய்விடும்.

"நீ எதுக்குக் கூடப் போகணும்?" என்றார் லெப்பை.

"என் கையிலதான் குடிக்கும். நான் இல்லேன்னா செத்துரும்."

கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

தொட்டியில் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டார்.

மக்துமு கடலைப் பார்த்தான். லெப்பையிடம் அவன் பொய் சொன்னதில்லை. ஒருநாள் அது தொட்டியில் வாய் வைக்கப் போனதையும், தான் காலால் தொட்டியைக் கவிழ்த்துவிட்டதையும் சொன்னான்.

லெப்பை திட்டவில்லை. அவன் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கினார். மம்மாலியைக் கூப்பிட்டு அவர் கழுத்தில் போட்டார். தண்ணீர் கொண்டு போகச் சொன்னார்.

"இன்னொரு தோளும் போகட்டும்ங்கிறீங்களா, லெப்பை?" என்று முனகிக்கொண்டே மம்மாலி போனார்.

குதிரை காதை மடக்கியது. காலால் பலகையை உதைத்தது.

மம்மாலி நகரவில்லை.

வெகுநேரம் கழித்து அது துண்டை முகர்ந்தது. பிறகு குனிந்து, அவர் கையில் வாய் வைத்தது.

இரண்டாவது கை. மூன்றாவது கை.

மம்மாலி மெல்லத் தொட்டியை நகர்த்தி வைத்தார். அதிலும் தலையை விட்டு மடமடவென்று குடித்தது.

"உன் ராசாத்தி தொட்டியையே காலி பண்ணிட்டா, தம்பி" என்றார் மம்மாலி.

மக்துமு பாய்மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

லெப்பை அருகில் வந்து நின்றார்.

"செத்துரும்னு அழுதே, சரி. பொழைச்சுக்கிச்சே. இப்ப யாருக்காக அழுவுறே?"