திரி கோத்த கூட்டாளிகள்

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம், ஒரு பட்டாசுக் கடையில் இந்தக் கூத்து நடந்தது. கடையின் இடது சுவரில் சிவப்புச் சரவெடி தொங்கியது. வலது சுவரில் மஞ்சள் சரவெடி. ஆரம்பத்தில் இரண்டுக்கும் ஒரு பகையும் கிடையாது. பகை வரக் காரணமா வேண்டும்? எதிரெதிரே தொங்கினால் போதாதா!

சிவப்புச் சரத்தின் நடுவில் மருதன் என்றொரு வெடி இருந்தான். அவனுக்கு ஒரே ஆசை. தீபாவளி விடியலில், தெருவில், தன் சத்தத்தைக் கேட்டு ஒரு பிள்ளையாவது கை தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் சரத்தின் உச்சியில் இருந்த தலைவெடியார் பரபரத்தார். "கேட்டீங்களா சங்கதியை? மஞ்சக்காரனுங்க திரியோட திரியைப் பின்னிக்கிறானுங்களாம். ஒருத்தனைத் தொட்டா மொத்தப் பேரும் வெடிப்பாங்களாம். நாமளும் பின்னிக்கணும். அப்பத்தான் நம்மகிட்ட வாலாட்ட மாட்டான்!"

"அவங்க பின்னுறதை யாரு பார்த்தது தலைவரே?" என்றான் மருதன்.

"யாரோ சொன்னாங்கய்யா!"

யாரோ சொன்னால் போதுமே. அதுவரை இடுப்பில் ஒரே நூலைக் கட்டிக்கொண்டு தொங்கியவர்கள், இப்போது திரியையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டார்கள். கீழே தட்டில் கிடந்த ஊசிவெடிகூட, "அண்ணே, என்னையும் சேத்துக்குங்கண்ணே" என்று கெஞ்சி, சரத்தின் வாலில் தொற்றிக்கொண்டது. இதைப் பார்த்து வெலவெலத்துப்போன மஞ்சள் சரமும் அவசர அவசரமாகத் திரியைப் பின்னத் தொடங்கியது.

மருதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனக்கு அடுத்து, கீழே தொங்கிய செம்பானிடம் பேச்சுக் கொடுத்தான்.

"டேய், ஒரு பொறி விழுந்தா எல்லாரும் ஒண்ணா வெடிச்சுத் தொலைவோம். அதுல உன் சத்தம் எது, என் சத்தம் எதுன்னு யாருக்குடா தெரியும்? நூல் இருக்கட்டும். கூடவே இருப்போம். திரியை மட்டும் பிரிச்சுக்குவோம்."

செம்பான் சிரித்தான். "போடா பயந்தாங்கொள்ளி! கூட்டாளிக்கு ஒண்ணுன்னா நீ வேடிக்கை பார்ப்பியா?"

"பார்க்க மாட்டேன். ஆனா நானும் சேர்ந்து எரிஞ்சா அவனுக்கு என்ன லாபம்?"

மருதன் தன் திரியை இரண்டு பக்கமும் உருவி, தலைமேல் சுருட்டி வைத்துக்கொண்டான். அப்புறம் அவன் வாங்கிய ஏச்சு கொஞ்சமா நஞ்சமா? துரோகி என்றார்கள். மஞ்சள்காரனின் கைக்கூலி என்றார்கள். தலைவெடியார் முகம் கொடுத்தே பேசவில்லை. மருதனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் திரியைத் திரும்பக் கொடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். தெருவில் எவனோ ராக்கெட் விட்டுப் பார்த்தான். அது கோணலாகப் பாய்ந்ததில் ஒரு பொறி கடைக்குள் வந்து ஊசிவெடியின் மேல் விழுந்தது. டப்!

"மஞ்சக்காரன் வேலைதான்!" என்று கத்தினார் தலைவெடியார். கத்தி முடிப்பதற்குள் நெருப்பு வாலைப் பிடித்து மேலே ஏறியது. பட், பட், படபட! செம்பான் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ சொன்னப்ப சிரிச்சேனே மருதா..."

மீதியைச் சொல்ல அவன் இல்லை.

அடுத்து மருதன். பிடித்து ஏறத் திரி கிடைக்காமல் நெருப்பு அங்கேயே நின்றுபோயிற்று. அவனும் அவனுக்கு மேலே இருந்தவர்களும் பிழைத்தார்கள். ஆனால் எரிந்த காகிதங்கள் தரையில் விழுந்து பற்றிக்கொண்டன. தீ மெல்ல மஞ்சள் சரத்தின் பக்கம் நகர்ந்தது. அங்கேதான், மஞ்சள் சரத்துக்குப் பக்கத்து ஆணியில், தீயணைக்கும் மணல் வாளி தொங்கியது.

"மஞ்சக்கார அண்ணே! வாளியைத் தள்ளுங்கண்ணே!" என்று அலறினான் மருதன்.

"உங்க நெருப்புக்கு எங்க பக்கத்து மணலா?" என்றார் மஞ்சள் தலைவெடியார்.

"நெருப்புல உங்களது எங்களதுன்னு எழுதியா ஒட்டியிருக்கு? செத்தவன் என் சிநேகிதன். நானே கேக்குறேன். தள்ளுங்கண்ணே!"

மஞ்சள் சரம் கொஞ்சம் தயங்கியது. பிறகு மொத்தமாக ஊஞ்சலாடி வாளியை இடித்தது.

"இத்தனை நாளா என்னை ஒருத்தரும் ஏன்னு கேக்கலையே" என்று முனகிக்கொண்டே வாளி கவிழ்ந்தது. மணல் சரிந்தது. நெருப்பு அடங்கியது.

புகை கலைந்ததும் சிவப்புத் தலைவெடியார் தொண்டையைச் செருமினார். "முதல்ல திரியைப் பின்னினது நீங்கதானே?"

"நாங்களா? நீங்க பின்னினதைப் பார்த்துப் பயந்துதானேய்யா நாங்க பின்னினோம்!"

இருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்போதே இரண்டு சரங்களும் திரியைப் பிரித்துக்கொண்டன. நூலை மட்டும் விட்டுவிடவில்லை. யார் மேல் பொறி விழுந்தாலும் எல்லாரும் சேர்ந்து வாளியைத் தள்ளுவது என்று புதிதாக ஒரு உடன்பாடும் ஆயிற்று.

தீபாவளி விடிந்தது. மிச்சமிருந்த சிவப்பையும் மஞ்சளையும் கடைக்காரர் ஒரே பையில் போட்டு விற்றிருந்தார். தெருப் பிள்ளைகள் சரங்களைப் பிரித்து, ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கொளுத்தினார்கள். யாருடைய சத்தமும் இன்னொருவர் சத்தத்தில் காணாமல் போகவில்லை.

மருதனின் முறை வந்தது. செம்பானுக்கும் சேர்த்து வெடித்தான். ஒரு சின்னப் பிள்ளை குதித்துக் குதித்துக் கை தட்டியது.