புடலங்காய்க்குப் போட்ட பாம்படம்

காய்க்கும் கொடிக்கும் வாய் இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் ஒரு வீட்டின் புறவாசலுக்குப் போனால் சந்தைக்கடைச் சத்தம்தான். கத்தரிக்காய் வெயிலைத் திட்டும், வெண்டை கத்தரியைத் திட்டும், பாகற்காயிடம் யார் என்ன கேட்டாலும் முகத்தில் அடித்த மாதிரிதான் பதில் வரும். தண்ணீர் ஊற்றப் போகிறவள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் திரும்ப முடியும். அப்படி ஒரு காலம்.

அந்தக் காலத்தில் உலகம்மா என்று ஒருத்தி தை மாதம் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தாள். புருஷன் கொம்பையா தங்கமானவன். அம்மா சொன்னாலும் தலையாட்டுவான், பெண்டாட்டி சொன்னாலும் தலையாட்டுவான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் மட்டும் மாட்டைப் பிடித்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவான். வீட்டை ஆண்டவள் மாமியார் ஆவுடையாத்தாள். கெட்டவள் இல்லை, கறாரானவள். அவளிடம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேலை செய்யாமல் மண்ணில் விழாது. அரிசி களைந்த தண்ணீர் வெண்டைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, குளித்த தண்ணீர் கீரைப் பாத்திக்கு என்று கணக்காகப் போகும்.

உலகம்மா பிறந்த வீட்டிலிருந்து வரும்போது முந்தானையில் ஐந்து புடலை விதைகளை முடிந்துகொண்டு வந்திருந்தாள். மூன்றைக் கோழி கொத்தியது. ஒன்று முளைக்கவே இல்லை. மிச்சம் ஒன்று மட்டும் சமர்த்தாக எழுந்து பந்தலைப் பிடித்து ஏறியது. ஏறிய அன்றைக்கே, "உலகு, எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. உனக்கு?" என்று கேட்டது. உலகம்மா அதன் குருத்தைத் தடவிக்கொடுத்தாள். அந்த வீட்டில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியாருக்கு அவள் "ஏட்டி". புருஷனுக்கு "இந்தா". அக்கம்பக்கத்துக்குப் "புதுப்பொண்ணு". பேர் சொல்லிக் கூப்பிட இந்தக் கொடி ஒன்றுதான் இருந்தது.

சித்திரை பிறந்தது. பந்தலில் பீர்க்கும் பாகலும் போட்டி போட்டுக் காய்த்தன. புடலையும் காய்த்தது. ஆனால் காய்த்த லட்சணத்தைக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு பிஞ்சும் விரல் நீளம் வந்ததும் வாலைத் தலைக்குள் செருகிக்கொண்டு சுருண்டுவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை ஆவுடையாத்தாள் பந்தலுக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏட்டி, இதென்ன காயா, குடத்துக்குத் தலையில சுருட்டி வைக்கிற சும்மாடா? அருவாமனையில வச்சா உருண்டு ஓடுது. இதை எப்படி அரிய, எப்படிக் கூட்டு வைக்க?"

"கொஞ்ச நாள் போனா நிமிர்ந்துடும் அத்தை."

"கிணத்துல தண்ணி முழங்காலுக்கு இறங்கிட்டு. இந்தக் கொடி தினம் ஒரு குடம் குடிக்குது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கேன். நேரா ஒரு காய் இல்லைன்னா பிடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டு அந்தத் தண்ணியைக் கத்தரிக்கு ஊத்து."

சொன்னால் சொன்னதுதான். ஆவுடையாத்தாள் சொன்ன வெள்ளிக்கிழமை அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனதாகச் சரித்திரமே கிடையாது.

மாமியார் உள்ளே போனதும் உலகம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "காதுல விழுந்துச்சா? ஏன் இப்படிச் சுருண்டு கிடக்க? நிமிர்ந்தா உனக்கு என்ன கேடு?"

எல்லாப் பிஞ்சுகளும் இன்னும் இறுக்கிச் சுருண்டன. கடைசியில் மூத்த பிஞ்சு ஒன்று மெல்ல வாயைத் திறந்தது. "வெக்கமா இருக்கு, உலகு."

"என்ன வெக்கம்?"

"பாகல் உடம்பு முழுக்க முத்து முத்தாப் போட்டிருக்கு. பீர்க்குக்கு மேல இருந்து கீழ வரைக்கும் சரடு. கத்தரிக்குக்கூடத் தலையில ஒரு கிரீடம் இருக்கு. நாங்க மட்டும் மூளி. ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. நிமிர்ந்து நின்னா எல்லாரும் பாப்பாங்களே."

பீர்க்கு களுக்கென்று சிரித்தது. பாகல், "உள்ளதைத்தான் சொல்லுது" என்றது. அதுதான் எரிச்சல். உலகம்மாவுக்கு இரண்டையும் கிள்ளி வைக்க வேண்டும்போல் இருந்தது.

புதன்கிழமை முழுக்க அவள் யோசித்தாள். உலை பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மதியம் மாமியார் கண்ணயர்ந்ததும் எழுந்து புறவாசலுக்குப் போனாள். அவள் காதில் பாம்படம் தொங்கியது. அந்த ஊர்ப் பெண்கள் தோளைத் தொடும்படி காது வளர்த்துப் போடுகிற கனத்த தங்க நகை அது. கல்யாணத்துக்கு அவள் அப்பா ஒரு காளையை விற்றுச் செய்து போட்டது. இரண்டையும் கழற்றினாள். வாழை நாரில் கோத்து, மூத்த பிஞ்சின் நுனியில் ஒன்றும் அடுத்த பிஞ்சின் நுனியில் ஒன்றுமாகக் கட்டித் தொங்கவிட்டாள்.

"இப்ப யாரு மூளி?" என்றாள்.

இரண்டு பிஞ்சுகளும் முதலில் நம்பவில்லை. மெல்ல வாலை வெளியே எடுத்தன. பாம்படம் வெயிலில் மின்னியது. நாலு பேர் பார்க்க வேண்டாமா? இன்னும் கொஞ்சம் இறங்கின. பீர்க்குக்குத் தெரிய வேண்டாமா? இன்னும் கொஞ்சம். பக்கத்து வீட்டுச் சுரைக்கும் தெரிய வேண்டுமே என்று சாயங்காலத்துக்குள் ஒரு சாண் நீண்டுவிட்டன.

உலகம்மாவின் பாடுதான் திண்டாட்டம். வெறுங்காதை மறைக்க அந்தச் சித்திரை வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு திரிந்தாள். "என்னட்டி, தலைவலியா?" என்று மாமியார் கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தாள். ஆவுடையாத்தாள் அக்கறையாகச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கடைசி மடக்கு வரை குடிக்க வைத்தாள். வியாழக்கிழமையும் ஒரு சொம்பு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆவுடையாத்தாள் புறவாசலுக்கு நடந்தாள். உலகம்மா பின்னாலேயே ஓடினாள். பந்தலுக்கு அடியில் போன மாமியார் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றரை முழத்துக்கு இரண்டு புடலங்காய்கள், இம்மி வளைவுகூட இல்லாமல், நுனியில் தங்கத்தோடு தொங்கின. மற்ற பிஞ்சுகளெல்லாம் சுருண்டபடியே "எனக்கு? எனக்கு?" என்று அழுதுகொண்டிருந்தன.

மாமியார் திரும்பினாள். மருமகளின் முக்காட்டை ஒரு விரலால் தள்ளினாள்.

"வருஷக்கணக்கா வலி பொறுத்து வளத்த காதை ஒரு காய்க்காக மூளியாக்கிட்டு நிக்கியே. உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

உலகம்மா அழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். அழுதுவிட்டாள். "இந்த வீட்டுல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இது ஒண்ணுதான் இருக்கு, அத்தை. இதையும் பிடுங்கிட்டா நான் யார்கூடப் பேச?"

ஆவுடையாத்தாளுக்குச் சுருக்கென்றது. துவைகல்லில் உட்கார்ந்தாள். தானும் ஒரு காலத்தில் இந்தப் புறவாசலில் நாலு மாதம் ஒரு முருங்கை மரத்தோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அப்புறம் எழுந்தாள்.

"உலகம்மா," என்றாள். "போய் வாழை நார் எடுத்துட்டு வா."

உலகம்மா நார் எடுத்து வருவதற்குள் ஆவுடையாத்தாள் கிணற்றடியில் குனிந்து மடி நிறையக் கூழாங்கல் பொறுக்கி வைத்திருந்தாள். ஒரு சுருண்ட பிஞ்சைப் பிடித்து அதன் நுனியில் கல்லைக் கட்டினாள்.

"கல்லா?" என்று பிஞ்சு சிணுங்கியது. "அக்காவுக்குத் தங்கம், எனக்குக் கல்லா?"

"இது கல் இல்ல, குணுக்கு," என்றாள் ஆவுடையாத்தாள், நகை செய்கிற பத்தருக்கே பாடம் சொல்கிற குரலில். "எந்தப் பொண்ணுக்கும் எடுத்த எடுப்புல பாம்படம் போடுறதில்ல. முதல்ல ஈயக் குணுக்கு மாட்டிக் காதை இழுக்க விடுவோம். நல்லா நீண்ட பிறகுதான் தங்கம். எனக்கும் அப்படித்தான், உலகம்மாவுக்கும் அப்படித்தான். கேட்டுப் பாரு."

பிஞ்சு உலகம்மாவைப் பார்த்தது. அவள் அழுகையும் சிரிப்புமாகத் தலையாட்டினாள். "ஆமா. எனக்கும் முதல்ல குணுக்குதான்."

"எத்தனை நாளைக்கு?"

"அது உன் கையிலதான் இருக்கு. எவ்வளவு சீக்கிரம் நீளுதியோ அவ்வளவு சீக்கிரம்," என்றாள் மாமியார்.

அவ்வளவுதான். எல்லாப் பிஞ்சுகளும் எனக்குக் குணுக்கு, எனக்குக் குணுக்கு என்று வாலை நீட்டின. மாமியாரும் மருமகளும் வெயில் ஏறும்வரை கட்டினார்கள். ஆவுடையாத்தாள் பாம்படங்களை அவிழ்த்துத் துடைத்து, மருமகளை இழுத்துத் தன் முன்னால் உட்கார வைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டாள். அந்த இரண்டு காயும் மத்தியானம் கூட்டானது. கொம்பையா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அம்மாவும் பெண்டாட்டியும் ஒன்றாகச் சிரித்துப் பேசுவதைப் பார்த்து, பழக்க தோஷத்தில் மாட்டைப் பிடிக்க எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டான்.

அன்று தொட்டுத்தான் புடலம்பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நாம் அதன் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறோம். அதுவும், அடுத்தது பாம்படம்தான் என்று நம்பி, நேராக மண்ணைப் பார்த்து நீண்டுகொண்டே போகிறது.