மயக்கத்தில் இருந்தவளின் சம்மதம்

அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாமல் கேளுங்கள். இந்த வழக்கில் கெட்டவர் யாருமில்லை. சிக்கலே அதுதான்.

கோவில்பட்டியில் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டிக்கொடுக்கும் கடை வைத்திருந்தவர் தங்கப்பழம். அவர் மனைவி மரகதவல்லி தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். அண்ணன் தம்பி அடிதடிக்கு நடுவே நின்று, நிலத்தை அளந்து, எல்லைக்கல் நட்டுவிட்டு வருகிறவள். அவளுக்கு நாற்பத்தாறாம் வயதில் இடது மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதவர் தங்கப்பழம்தான். "அழுது முடிச்சிட்டா உள்ள வாங்க. டாக்டரம்மாகிட்ட கேக்க வேண்டியது நெறைய இருக்கு" என்றாள் மரகதவல்லி.

மதுரையில் அறுவை மருத்துவர் நஸ்ரின் இரண்டு வழி சொன்னார். கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம். அல்லது மார்பையே எடுத்துவிடலாம். அவள் நிலைமைக்கு இரண்டும் ஒரே அளவு பாதுகாப்பு என்றார். மரகதவல்லி முதல் வழியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டாள்.

அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் இரண்டு பேரிடம் இரண்டு பேச்சுப் பேசினாள். மதுரைக் கல்லூரியில் நூலகராக இருந்த தங்கை செந்தாமரையிடம், "கட்டியை மட்டுந்தான் எடுக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல எடுக்கணும்னு வந்தா, என்னைய எழுப்பிக் கேக்கணும். நான் முழிச்சிருக்கும்போதுதான் அதை முடிவு பண்ணுவேன்" என்றாள்.

தங்கை போன பிறகு கணவரிடம் வேறு மாதிரிப் பேசினாள். மகள் பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்த மயக்கம் தெளிந்து இரண்டு நாள் வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தவள் அவள். "இந்த மயக்க மருந்து ஒரு தடவையோட போகட்டுங்க. ரெண்டாந்தடவை என்னைய அந்த மேசையில படுக்க வச்சிராதீங்க" என்றாள். "வைக்கமாட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார் தங்கப்பழம்.

மறுநாள் அறுவை தொடங்கி ஒரு மணி நேரமிருக்கும். டாக்டர் நஸ்ரின் தலையில் பச்சைத் தொப்பியோடு வெளியே வந்தார்.

"கட்டிய எடுத்துட்டோம். ஆனா சுத்தி எடுத்த சதைய உடனே லேப்ல குடுத்துப் பாத்ததுல, மூணு பக்கம் ஓரம் வரைக்கும் நோய் இருக்கு. நெனச்சதவிட அகலமாப் பரவியிருக்கு. மார்ப முழுசா எடுக்கிறதுதான் நல்லதுன்னு படுது. ஆனா அதுக்கு அவங்க கையெழுத்து இல்ல. நீங்க வீட்டுக்காரர். என்ன சொல்றீங்க?"

"எடுத்துருங்க டாக்டரம்மா. ரெண்டாவது மயக்கம் அவளால தாங்க முடியாது. என்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்கா."

செந்தாமரை குறுக்கே வந்தாள். "இல்ல அத்தான், அக்கா எழுப்பிக் கேக்கணும்னு சொல்லியிருக்கா. இந்த விஷயத்துக்குன்னே சொன்னா."

"ஒனக்கென்ன தாமரை தெரியும்? மறுபடி வாந்தியும் நடுக்கமுமாக் கெடக்கப்போறது அவதானே?"

"நாள் தள்ளினா ஆபத்தா டாக்டர்?" என்று கேட்டாள் செந்தாமரை.

"ரெண்டு மூணு வாரம் தள்ளிப்போனா நோயில வித்தியாசம் வராது. இன்னொரு தடவை மயக்கமும் தையலும் பட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்."

டாக்டர், "அப்ப நான் மூடிட்டு வர்றேன். அவங்கள கேட்டுக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். தங்கப்பழம் செந்தாமரையோடு அன்று முழுவதும் பேசவில்லை. கொடுத்த வாக்கைத் தன் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்றே அவருக்கு இருந்தது.

கண் விழித்த மரகதவல்லிக்கு டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். ஏற்கெனவே இப்படி அறுவை செய்துகொண்ட இரண்டு பெண்களிடம் போய்ப் பேசினாள். ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றாள். பத்தாம் நாள் காலையில் அவளே போன் செய்து, "முழுசா எடுத்துருங்க டாக்டரம்மா, தேதி குடுங்க" என்றாள்.

இரண்டாம் அறுவை நடந்தது. அவள் பயந்தபடியே இரண்டு நாள் வாந்தி; தங்கப்பழம்தான் பக்கத்தில் இருந்து கிண்ணம் ஏந்தினார். பிறகு தேறினாள். அறுவை முடிந்த எட்டாம் மாதம் எட்டயபுரம் பக்கம் ஒரு தோட்டத்தை அளக்கக் கிளம்பிப் போனாள்.

இப்போது சொல்லுங்கள். கடைசியில் அவள் கேட்டதும் கணவர் அன்று கேட்டதும் ஒன்றேதான். அன்றே எடுத்திருந்தால் ஒரு மயக்கமும் ஒரு தையலும் மிச்சம். கணவர், தங்கை, மருத்துவர் மூவரில் யார் செய்தது சரி?

பதில்: தங்கை செய்தது சரி. மரகதவல்லி கணவரிடம் சொன்னது தன் பயத்தை. தங்கையிடம் சொன்னது தன் முடிவை. பயத்துக்குத் துணை நிற்கலாம், அதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. உயிருக்கு அவசரம் என்றிருந்தால் கணவர் பக்கம் தீர்ப்பு போயிருக்கும். அவசரமில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டார். மருத்துவர் கத்தியைக் கீழே வைத்ததும் சரிதான். ஆனால், 'கூடுதலாக எடுக்க நேர்ந்தால் என்ன செய்யட்டும்?' என்று முந்தின நாளே மரகதவல்லியிடம் கேட்டு எழுதி வாங்காதது அவர் குறை. அவள் பிறகு அதையே கேட்டாள் என்பதால் கணவர் சொன்னது சரியாகிவிடாது. அன்று எடுத்திருந்தால் அது அவளுக்கு நேர்ந்ததாகியிருக்கும். பிறகு எடுத்தது அவள் செய்தது. தங்கப்பழத்துக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் முழுச் சம்மதமில்லை. உங்களுக்கும் இல்லையென்றால், அவருக்கு ஒரு துணை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.